நாய்க்கடிக்கு வயிற்றில் 14 ஊசியா? அந்தக் காலம் போய்விட்டது!

கோம்பை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நாய்!

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கோம்பை. உத்தமபாளையம் தாலுகாவைச் சேர்ந்த ஊர். பக்கத்தில் பண்ணைப்புரம். அதையும் தாண்டினால் தேவாரம். மேற்கே மலை சுவர் போல எழுந்து நிற்கும். மலைக்கு அந்தப்புறம் கேரளா.

இந்த ஊரின் பெயரை ஒரு நாய் இனத்துக்கே சூட்டி இருக்கிறார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று சொல்லும்போதே கோம்பையையும் சேர்த்துச் சொல்வார்கள். செம்பழுப்பு நிறம். கரி பூசியது போல் கறுத்த வாய். கட்டான உடம்பு. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்ற நாய் இது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நல்ல காவல். எஜமானுக்காக உயிரையும் கொடுக்கும் என்பார்கள்.

பன்றியின் கோரைப் பல்லுக்கு அஞ்சாத இந்த நாய், ஒன்றிடம் மட்டும் தோற்றுப் போகும். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. வெறிநோய்க் கிருமி!

வெறிபிடித்த தெருநாய் ஒன்று கடித்தால் போதும். ஜாதி நாய், சாதா நாய் என்ற பேதம் கிருமிக்குக் கிடையாது. சில வாரங்களில் வீட்டு நாய்க்கும் வெறி பிடிக்கும். தன்னை வளர்த்தவரையே அது கடிக்கும். அந்த எச்சிலில் எமன் இருக்கிறான்.

2024-ம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் நாய்க்கடிக்கு ஆளானார்கள். வெறிநோயால் 43 பேர் இறந்தார்கள்.

43 உயிர்! இத்தனைக்கும் இது மருந்து இல்லாத காலம் அல்ல. கடிபட்ட அன்றே சரியான சிகிச்சை செய்தால், வெறிநோயை அநேகமாக முழுவதும் தடுத்துவிடலாம். அது எப்படி?

தண்ணீரைக் கண்டால் நடுக்கம்

வெறிநோய் எப்படிப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் காய்ச்சல் வரும். தலைவலி வரும். காயம் ஆறிப்போய் இருக்கும். ஆனால் கடிபட்ட இடத்தில் ஊறும், குறுகுறுக்கும். பிறகு தூக்கம் போகும். மனம் கலங்கும்.

அடுத்து வருவதுதான் கொடுமை. தாகம் நெஞ்சை வறட்டும். தண்ணீர் டம்ளரை வாய் அருகே கொண்டு போனால், தொண்டைத் தசைகள் சுண்டி இழுக்கும். மூச்சு முட்டும். போகப்போக, தண்ணீரைக் கண்டாலே உடம்பு நடுங்கும். முகத்தில் காற்றுப் பட்டாலும் அப்படித்தான். சிலருக்கு இந்த நடுக்கம் இல்லாமல், கைகால் மட்டும் விழுந்துவிடுவதும் உண்டு.

இந்த அடையாளங்கள் தோன்றிவிட்டால், பிறகு டாக்டர்களால் செய்யக்கூடியது அனேகமாக ஒன்றும் இல்லை. உலகம் முழுவதிலும் பிழைத்தவர்கள் மிக மிகக் குறைவு.

ஆகவே நோய் வந்த பிறகு மருந்து தேடுவதில் பயன் இல்லை. வருவதற்கு முன்பே மறிக்க வேண்டும். அதற்கு நேரம் இருக்கிறதா?

இருக்கிறது. இந்தக் கிருமியின் பலவீனமே அதுதான்!

நரம்பு வழிப் பயணம்

பாம்பு விஷம் ரத்தத்தில் கலந்து வேகமாகப் பரவும். வெறிநோய்க் கிருமி அப்படிப் போவது இல்லை. அது நரம்பு வழியாகப் போகும்.

கடித்த இடத்தின் சதையில் முதலில் தங்கும். பிறகு நரம்பின் நுனியைப் பிடித்துக்கொள்ளும். நரம்புக்குள்ளேயே மெதுவாக ஏறும். முதுகுத் தண்டை அடையும். அங்கிருந்து மூளைக்குப் போகும். மூளையில் பெருகிய பிறகு எச்சில் சுரக்கும் இடத்துக்கு வரும்.

மூளைக்குப் போய்ச் சேரும் வரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிடுவார். வேலைக்குப் போவார். சாதாரணமாக ஒன்று முதல் மூன்று மாதம் வரை இப்படிக் கழியும். ஒரு வாரத்திலேயே நோய் வெடித்ததும் உண்டு. ஒரு வருடம் கழித்து வந்ததும் உண்டு.

காலில் கடித்தால் பாதை நீளம். முகத்திலோ தலையிலோ கடித்தால் மூளை பக்கத்தில் இருக்கிறது. குழந்தைகள் குள்ளம். நாயின் வாய்க்கு அவர்கள் முகம் எட்டும். ஆகையால் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

கிருமி மூளையை அடையும் முன்பு, அதை அழிக்கும் எதிர்ப்புச் சக்தி உடம்பில் உண்டாகிவிட வேண்டும். இது ஒரு ஓட்டப் பந்தயம். பந்தயம் தொடங்கும் இடம் ஆஸ்பத்திரி அல்ல. வீட்டுத் தண்ணீர்க் குழாய்!

மிளகாய்ப் பொடி வேண்டாம், சோப்பு போதும்

நாய் கடித்த இடத்தில் மிளகாய்ப் பொடி வைக்கிறார்கள். சுண்ணாம்பு தடவுகிறார்கள். காப்பித்தூள் அப்புகிறார்கள். சிலர் மந்திரிக்கப் போகிறார்கள். இவை எதுவும் கிருமியைக் கொல்லாது. மிளகாய்ப் பொடி புண்ணை மேலும் கெடுத்து, கிருமி உள்ளே போக வழி செய்யும்.

சோப்பு கொல்லும்! இது வேடிக்கைப் பேச்சு அல்ல. இந்தக் கிருமியைச் சுற்றி மெல்லிய கொழுப்பு உறை இருக்கிறது. பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு சோப்புக்குக் கரைகிறது அல்லவா? அதே போல அந்த உறையும் கரைந்துவிடும். உறை போனால் கிருமி செத்தது.

குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். எந்தச் சோப்பானாலும் சரி. துணி துவைக்கும் சோப்பும் உதவும். 15 நிமிடம் என்பது நீண்ட நேரம்தான். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் அது தெரியும். குழந்தை அழும். அழட்டும். கழுவிய பிறகு காயத்தை இறுக்கிக் கட்டக்கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பல் பதிந்தால்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். நகக் கீறலும் ஆபத்துதான். புண்ணை நாய் நக்கினாலும் ஆபத்துதான். நாய் மட்டும் அல்ல. பூனை, குரங்கு கடித்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். "குட்டி நாய்தானே, பால் பல்தானே" என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். குட்டிக்கும் வெறி பிடிக்கும்.

பிரெஞ்சுச் சிறுவன்

ஊசி மருந்து கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது.

1885-ம் ஆண்டு ஜூலை மாதம். பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில், லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானியிடம் ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தாள். பையன் பெயர் ஜோசப் மெய்ஸ்டர். வயது 9. வெறிநாய் அவனைப் பல இடங்களில் குதறி இருந்தது.

பாஸ்டர் டாக்டர் அல்ல, ரசாயனம் படித்தவர். வெறிநோய் கண்ட முயலின் முதுகுத் தண்டை எடுத்து, காற்றில் உலர்த்தி, கிருமியின் வீரியத்தைக் குறைத்து ஒரு மருந்து தயாரித்து வைத்திருந்தார். நாய்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்திருந்தார். மனிதனுக்குப் போடலாமா? தவறினால் கொலைப் பழி! போடாவிட்டால் பையன் சாவது அநேகமாக நிச்சயம்.

டாக்டர்களின் துணையோடு ஊசி போட்டார். நாளுக்கு நாள் வீரியம் கூடிய மருந்தாகப் பார்த்து, மொத்தம் 13 ஊசி. பையன் பிழைத்தான்!

செய்தி உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1900-ல், இமயமலைப் பக்கத்தில் உள்ள கசௌலியில் பாஸ்டர் பெயரால் ஒரு நிலையம் திறந்தார்கள். ஆனால் தென்னாட்டில் ஒருவரை வெறிநாய் கடித்தால்? ரெயில் ஏறி நாட்டின் மறுகோடிக்குப் போக வேண்டும். 1902-ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் இந்த நோயால் இறந்துபோனார். தென்னாட்டுக்கும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் பணம் கொடுத்தார். 1907-ல் நீலகிரியில், குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. குன்னூருக்குப் போகிறவர்கள் சிம்ஸ் பூங்காவைப் பார்க்கும்போது, அருகில் இருக்கும் இந்த நிலையத்தையும் பார்க்கலாம்.

ஆட்டு மூளை மருந்து

வயிற்றில் 14 ஊசி என்ற பயம் எங்கிருந்து வந்தது?

கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற டாக்டர் இருந்தார். 1911-ல் அவர் ஒரு புது முறையைக் கண்டுபிடித்தார். ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியை வளர்ப்பது. பிறகு கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொல்வது. அந்த மூளைக் கரைசலே மருந்து. மலிவானது. ஏராளமாகத் தயாரிக்கலாம். கணக்கில் அடங்காத உயிர்களை அது காப்பாற்றியது.

ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் மருந்தின் அளவு அதிகம். கையில் இடம் போதாது. அதனால் வயிற்றுத் தோலின் கீழ் போட்டார்கள். தினமும் ஒன்றாக, பெரும்பாலும் 14 நாள். வயிறு வீங்கும், எரியும். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஆட்டு மூளைச் சத்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அபூர்வமாகச் சிலருக்குக் கைகால் விழுந்தது. உயிர் போனதும் உண்டு.

2004-ம் ஆண்டு இறுதியோடு இந்தியாவில் இந்த ஆட்டு மூளை மருந்து நிறுத்தப்பட்டது. மருந்து போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை! "வயிற்றில் 14 ஊசி" என்று பாட்டி சொன்னதைக் கேட்டு, கடிபட்டதையே மறைக்கும் பிள்ளைகள் இன்றும் உண்டு.

இன்றைய ஊசி வேறு. ஆட்டு மூளைக்குப் பதில், கண்ணாடிப் பாத்திரங்களில் உயிரணுக்களை வளர்க்கிறார்கள். அந்த உயிரணுக்களில் கிருமியை வளர்த்துக் கொன்று, சுத்தம் செய்து மருந்தாக்குகிறார்கள். மூளைச் சத்து துளியும் இல்லை. கையில் போடும் சிறிய ஊசி. வயிற்றைத் தொடுவதே இல்லை.

ஒரு புட்டி, ஐந்து பேர்

புது மருந்து நல்ல மருந்து. ஆனால் விலை அதிகம். ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படி ஆகவில்லை. இதற்கும் ஒரு வழி பிறந்தது.

தோலுக்கு உள்ளே கிருமிகளை எதிர்க்கும் காவல் உயிரணுக்கள் நிறைய இருக்கின்றன. ஊசியைச் சதையில் ஆழமாகப் போடாமல், மேல் தோலுக்குள் மட்டும் துளி மருந்து செலுத்தினால் என்ன? தாய்லாந்து நாட்டு டாக்டர்கள் பாங்காக் நகரில் இதைச் செய்து பார்த்தார்கள். குறைந்த மருந்திலேயே போதுமான எதிர்ப்புச் சக்தி உண்டானது! உலக சுகாதார நிறுவனம் இதை ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் 2006-ல் அனுமதி கிடைத்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு தடவைக்கு இரண்டு கைகளிலும் சேர்த்து 0.2 மில்லி மருந்து போதும். 1 மில்லி புட்டி ஒன்று ஐந்து பேருக்கு வரும். சதையில் போட்டால் அது ஒருவருக்குத்தான்.

தோலில் போடும் இந்த முறையில் நான்கு நாள் போனால் போதும். திங்கட்கிழமை முதல் ஊசி என்றால், அடுத்தது வியாழக்கிழமை. மூன்றாவது, மறு திங்கட்கிழமை. கடைசி ஊசி, முதல் ஊசியிலிருந்து 28-ம் நாள். அதுவும் திங்கட்கிழமைதான். சதையில் போடுவதானால் 14-ம் நாளும் ஒன்று உண்டு.

கடித்தது தெரிந்த நாயானால் 10 நாள் அதைக் கவனிப்பார்கள். நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசிகளை என்ன செய்வது என்று டாக்டர் முடிவு செய்வார். அதற்காக ஊசி தொடங்காமல் 10 நாள் காத்திருக்கக்கூடாது.

ஓநாய் வந்த இரவு

ஊசி போட்டவுடன் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுமா? வராது. உடம்பு அதைத் தயாரிக்க ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும். ஆழமான கடியானால், தலையில் கடியானால், அதற்குள் கிருமி முந்திக்கொள்ளலாம். அப்போது என்ன செய்வது?

இதற்கு விடை 1954-ல் ஈரான் நாட்டில் கிடைத்தது. ஒரு கிராமத்துக்குள் வெறிபிடித்த ஓநாய் புகுந்தது. கண்ணில் பட்டவர்களை எல்லாம் கடித்துக் குதறியது. சிகிச்சைக்கு வந்தவர்கள் 29 பேர். அவர்களில் 18 பேருக்குத் தலையில் காயம்.

டாக்டர்களிடம் ஒரு புது மருந்து இருந்தது. ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உண்டான பிராணியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் அது. தலையில் கடிபட்டவர்களில் 5 பேருக்குத் தடுப்பூசி மட்டும் போட்டார்கள். அவர்களில் 3 பேர் இறந்தார்கள். 13 பேருக்குத் தடுப்பூசியோடு சீரமும் போட்டார்கள். அவர்களில் இறந்தவர் ஒருவரே!

அன்று முதல், ரத்தம் வரும்படி கடித்தால் தடுப்பூசியோடு சீரமும் உண்டு. காயத்தைச் சுற்றியே அதைப் போடுவார்கள். வீட்டில் சமைக்க நேரம் ஆகும்போது, பசித்த பிள்ளைக்குக் கடையில் வாங்கிக் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

குதிரையின் ரத்தத்திலிருந்து சீரம் எடுக்கிறார்கள். மனித ரத்தத்திலிருந்து எடுப்பதும் உண்டு. அது கிடைப்பது அருமை, விலையும் கூடுதல். இப்போது விஞ்ஞானிகள் குதிரையும் இல்லாமல், மனித ரத்தமும் இல்லாமல், அந்த எதிர்ப்புப் பொருளை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துவிட்டார்கள். புனாவில் உள்ள சீரம் நிலையம் தயாரித்த இந்த மருந்து 2017-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அது முதல் கவலை குறைந்திருக்கிறது. கவலை தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், தலையில் கடிபட்ட ஒரு சின்னஞ்சிறு பெண் தடுப்பூசி போட்டும் இறந்து போனாள். இது அபூர்வம். ஆனால் தலைக் கடி எத்தனை பொல்லாதது என்பதற்கு இது சாட்சி.

78,807 வீடுகளில் விசாரணை

இந்தியாவில் ஆண்டுக்கு எத்தனை பேர் வெறிநோயால் சாகிறார்கள்? 20 ஆயிரம் பேர் என்று இருபது வருடங்களுக்கு முன் ஒரு கணக்கு சொன்னது. இப்போது எவ்வளவு? சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இதைத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டார்கள். 2022 மார்ச் முதல் 2023 ஆகஸ்ட் வரை, 15 மாநிலங்களில், 60 மாவட்டங்களில், 78,807 வீடுகளில் விசாரித்தார்கள். "உங்கள் வீட்டில் யாரையாவது நாய் கடித்ததா? என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். முடிவு 2024-ல் வெளியானது.

ஆண்டுக்கு 5,726 பேர் இறப்பதாக அவர்கள் கணக்கிட்டார்கள். பழைய கணக்கோடு பார்த்தால் நல்ல முன்னேற்றம். ஆண்டுதோறும் பிராணிகளிடம் கடிபடுகிறவர்களோ சுமார் 91 லட்சம் பேர். நாலில் மூன்று கடி, நாய்க்கடி.

இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஊசியே போட்டுக்கொள்ளவில்லை! போட்டவர்களிலும் பலர் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

பாதியில் நிறுத்துவதற்குப் பயம் மட்டுமே காரணம் அல்ல. கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். பொழுது விடியும் முன்பே பெண்கள் ஜீப் ஏறுகிறார்கள். மலைக்கு மேலே, கேரளாவின் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அன்று போனால்தான் அன்றைய கூலி. பிள்ளையை நாய் கடித்தால் முதல் நாள் பதறிக்கொண்டு ஓடுவார்கள். மூன்றாம் நாளும் போவார்கள். 28-ம் நாள்? காயம் ஆறி இருக்கும். பிள்ளை விளையாடிக்கொண்டு இருப்பான். ஒரு நாள் கூலியை இழக்க மனம் வராது. அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஊசிக்குக் காசு இல்லை. சீட்டில் தேதி குறித்துக் கொடுப்பார்கள். அம்மா போக முடியாவிட்டால் தாத்தாவோ, சித்தியோ பிள்ளையை அழைத்துப் போகலாம். சீட்டு கையில் இருந்தால் போதும்.

கோவாவில் நடந்தது

மனிதனுக்கு ஊசி போடுவது ஒரு வழி. நாய்க்கே போட்டுவிட்டால்?

கோவா மாநிலத்தில் இதைச் செய்து காட்டினார்கள். கையில் வலையோடு தெருத்தெருவாகப் போனார்கள். வீட்டு நாய், தெரு நாய் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டார்கள். ஓர் ஆண்டில் சுமார் 95 ஆயிரம் நாய்கள்! நூற்றுக்கு 70 நாய்க்கு ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை. நாய்களிடம் வெறிநோய் நூற்றுக்கு 92 பங்கு குறைந்தது. மனிதச் சாவு நின்றது. 2022-ல் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2030-க்குள் நாய்க்கடி வெறிநோயால் ஒருவரும் சாகக்கூடாது என்று இந்திய அரசும் திட்டம் போட்டிருக்கிறது.

கோம்பைக் குட்டி வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள். வாய் கறுத்திருக்கிறதா, நெஞ்சு அகலமா, தாய் வேட்டைக்குப் போனதா என்று கேட்கிறார்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் வெறிநோய் ஊசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் மீண்டும். அதன்பின் வருடம் ஒன்று. கால்நடை ஆஸ்பத்திரியில் இதற்கும் ஒரு சீட்டு கொடுப்பார்கள். விலை பேசும் முன்பு அந்தச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.